ஞானதுரை சாம்பல்தொட்டி ஓட்டிய காதை

வாழி! வாழி! தாமிரபரணித் தண்ணீர் குடித்துத் தடித்த தோளோன் வாழி! பாளையங்கோட்டைப் பள்ளித் திடலின் நடுவே நின்று, ஒற்றை விசிலின் ஊதலில் அறுநூறு பிள்ளைகளை அணிவகுக்கச் செய்த மூச்சுடையோன் வாழி! எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் மாவட்ட அளவில் மூன்றாமிடம் வென்று, அந்தச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டகத்துள் அடைத்து, வருவோர் போவோரையெல்லாம் அதன்முன் நிறுத்தி வைத்த காலுடையோன், பி.டி. சார் என்னும் பட்டந்தாங்கி, ஞானதுரை என்னும் நாமந்தாங்கி வாழி! அவன் புகழ் பாடப் புகுந்த எம் நாவில் வந்து அமர்க, சாம்பல் நிறத்தாளே, சக்கரம் இரண்டுடையாளே, எத்தனை கொட்டினும் வாங்கிக்கொண்டு ஏனென்று கேளாத மூடித்தாயே! நின் அருளின்றி நின் கதை சொல்ல எமக்கு வாயில்லை. மூக்கு மட்டும் இருக்கிறது.

பனியும் மழையும் முறைவைத்துக் காவல் புரியும் வட இங்கிலாந்தின் ஹார்ட்டன்பிரிட்ஜ் என்னும் சிறுநகரில், செங்கல் வீடுகள் ஒன்றன் முதுகை ஒன்று பிடித்துக்கொண்டு மேட்டிலிருந்து பள்ளம்வரை இறங்கும் சேப்பல் ஹில் தெருவில், இருபத்தைந்தாம் இலக்க வாடகை இல்லத்தில், அவன் குடிபுகுந்து ஒன்றரைத் திங்கள் ஆகியிருந்தது. அரசன் ஓலை விடுத்து அவனை அழைக்கவில்லை. மனைவி டிக்கெட் எடுத்து அழைத்து வந்தாள். குத்தியது தெரியாமல் ஊசி குத்தும் கைவண்ணத்தாள், இரவுப்பணியில் இமை சாயா விழியாள், கிறிஸ்டில்டா என்னும் பேருடையாள், அந்நகரத்து ஆஸ்பத்திரியில் ஈராண்டு ஒப்பந்தத்தில் நர்ஸாகச் சேர்ந்தாள். அவள் பின்னே சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஞானதுரையும், அவன் பின்னே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பதினான்கு வயது மகள் ஹெப்சியும் வந்து சேர்ந்தார்கள். இரண்டே வருஷம், கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் என்பது வீட்டில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்ட சமாதானம். அதை நம்பி ஒரு பெட்டியை இன்னும் பிரிக்காமல் கட்டிலுக்கடியில் வைத்திருந்தார்கள்.

அந்தோ! ஊரில் அவன் நடந்தால் சைக்கிள்கள் மணியடித்து ஒதுங்கும். இங்கே அவன் விசாவில் ‘டிபெண்டன்ட்’, அண்டி வாழ்பவன், என்று அச்சடித்திருந்தது. விசில் போயிற்று. மோட்டார் சைக்கிள் போயிற்று. ‘சார்’ என்று கூப்பிடும் குரல்கள் அத்தனையும் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டன. வேலை கேட்டு எட்டுத் திசைக்கும் அவன் விடுத்த விண்ணப்பத் தூதுகளுள் ஐந்து திரும்பவேயில்லை. மூன்று, ‘தங்கள் ஆர்வத்துக்கு நன்றி’ என்னும் ஒற்றை வரியோடு திரும்பின. அவன் வைத்த குழம்பைச் சாப்பிட்டுப் பார்த்தபின் சமையலறையின் செங்கோலைக் கிறிஸ்டில்டா பாதிதான் விட்டுக்கொடுத்தாள். தன் பாடப்புத்தகத்தின் பக்கம் ஹெப்சி அவனை அண்டவே விடவில்லை. இவ்வாறாக, நாடிழந்து நகரிழந்து நின்ற அந்த வேந்தனின் கொடி பறந்த ஒரே நிலம், செவ்வாய்தோறும் தெருவோரம் கொண்டுபோய் வைக்கவேண்டிய குப்பைத்தொட்டி மட்டுமே. அந்தக் களத்திலும் அவன் மும்முறை தோற்றிருந்தான்.

அக்களத்தின் அறநூல் குளிர்பெட்டிக் கதவில் காந்தவில்லையால் ஒட்டப்பட்டிருந்தது. ஒரு செவ்வாய் வீட்டுக்குப்பை போடும் சாம்பல்தொட்டி, மறு செவ்வாய் காகிதமும் புட்டியும் போடும் நீலத்தொட்டி; காலை ஏழு மணிக்குள் நடைபாதையில் நிற்க வேண்டும்; மூடி இறுக மூடியிருக்க வேண்டும்; தவறினால் அடுத்த இரண்டு வாரத்துக்கு அதை வீட்டிலேயே வைத்துக் கொண்டாட வேண்டும். முதற்போரில் ஞானதுரை ஊர்வழக்கத்தை நம்பினான். குப்பைவண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும், வாசலில் நின்று ‘சார், குப்பை’ என்று குரல் கொடுக்கும், கையில் நீட்டினால் கையில் வாங்கும், ‘அக்கா டூட்டிக்குப் போயாச்சா?’ என்று இரண்டு வார்த்தையும் பேசும் என்றெண்ணி, பையை ஏந்திக் கதவுக்குப் பின்னே காத்து நின்றான். வந்த வண்டி பாடவுமில்லை, கூப்பிடவுமில்லை, போய்விட்டது. இரண்டாம் போரில், விடியாத வெளிச்சத்தில் பக்கத்து வீட்டு மாரீன் கிழவியின் தொட்டி நீலமாகத் தெரிந்ததை நம்பி நீலத்தை நிறுத்தினான்; அது சாம்பல் வாரம். மூன்றாம் போரில் நிறம் சரி, நாள் சரி, நேரம் சரி, ஆனால் சேர்ந்த குப்பை நான்கு விரற்கடை மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்க, வந்தவர்கள் அதன்மேல் ஒரு மஞ்சள் சீட்டை ஒட்டிவிட்டு நடந்தார்கள். சனிக்கிழமைச் சந்தையில் மத்திமீன் மலிவு என்று வாராவாரம் ஒன்றரைக் கிலோ வாங்கிய குடும்பம் அது. மத்தியின் தலைகளும் குடல்களும் ஆறு வாரமாகக் கொல்லையில் தங்களைத் தாங்களே அறிவித்துக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த கிறிஸ்டில்டா கொல்லைக் கதவைத் திறந்தாள். திறந்த வேகத்தில் மூடினாள். மூடிய கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, எட்டுத்திக்கும் கேட்கப் பிரகடனம் செய்தாள்.

"இஞ்ச பாருங்க, இனிமே என்னால முடியாது. வார்டுல எத்தனையோ நாத்தத்தப் பாத்திருக்கேன், அங்ககூட எனக்கு இப்பிடிக் கொமட்டுனது கெடையாது. ஒத்தத் தொட்டி. அத உருட்டித் தெருவுல வைக்கணும், அம்புட்டுத்தான். இந்தத் தடவயும் அவன் எடுக்கலேன்னா, இனிமே திங்கக்கெழம டூட்டிக்குப் போவும்போது நானே வச்சிட்டுப் போயிருதேன். நீங்க அதப் பத்திக் கவலப்பட வேண்டாம்."

"எனக்கு வைக்கத் தெரியாதுன்னா சொல்லுத? அறுநூறு பிள்ளையள வரிசையில நிறுத்துனவன் நான்."

"அறுநூறு பிள்ளையளுக்கும் காலு இருந்துச்சு. அதுகளா நடந்து வந்துச்சு" என்றாள் அவள்.

வாள் பட்ட புண்ணைப் பொறுக்கலாம். வேல் பட்ட புண்ணைப் பொறுக்கலாம். ‘கவலைப்பட வேண்டாம்’ என்று அவள் இரக்கத்தோடு சொன்னதை அவனால் பொறுக்க முடியவில்லை. பன்னிரண்டு மணிநேரம் நின்று வேலை பார்க்கப் போகிறவள், போகிற வழியில் குப்பைத்தொட்டியையும் தள்ளிக்கொண்டு போவாள். வீட்டில் உட்கார்ந்திருக்கும் புருஷன் சன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்தக் காட்சியை எண்ணிய மாத்திரத்தில் அவன் மீசை துடித்தது, மார்பு விம்மியது, இமயமும் குமரியும் சாட்சியாக ஒரு சூளுரை எழுந்து தொண்டைவரை வந்தது. வாய்வழியே வரும்போது அது, "ஒரே ஒரு தடவ பாரு, கிறிஸ்டி" என்று சுருங்கிவிட்டது.

திங்கட்கிழமை மாலை அவள் பணிக்குப் புறப்பட்டுப் போனதும் படையெடுப்புத் தொடங்கியது. முதற்கண் மூடியை வெல்ல வேண்டும். சமையலறை முக்காலியைக் கொல்லைக்குத் தூக்கிச் சென்று, லுங்கியென்னும் சாரத்தை மடித்துக் கட்டி, மூக்கில் கிறிஸ்டில்டாவின் பழைய துப்பட்டாவைச் சுற்றி, முக்காலியின்மேல் ஏறித் தொட்டிக்குள் இறங்கினான் எம் தலைவன். களத்தில் பகைவர் முடிகளை மிதித்தேறிய மன்னரைப் பாடியிருக்கிறார்கள். மத்திமீன் முடிகளை மிதித்தவனை இதுவரை ஒருவரும் பாடியதில்லை. இடக்கால், வலக்கால், இடக்கால், வலக்கால் என்று தனக்குத்தானே கட்டளை கொடுத்துக்கொண்டு, பள்ளித் திடலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே தாளத்தில் அவன் மிதிக்க, பால்டப்பாக்கள் பணிந்தன, முட்டை அட்டைகள் முதுகொடிந்தன, ஆறு வாரத்துப் பிளாஸ்டிக் பைகள் அபயம் என்று அலறி அடங்கின. பக்கத்து வீட்டு மேல்மாடித் திரை ஓரமாய் விலகியது. மாரீன் கிழவியின் ஒரு கண் தெரிந்தது. தொட்டிக்குள்ளிருந்து நெஞ்சளவில் எழுந்து ஆடிக்கொண்டிருந்த மனிதனைக் கண்டு திரை சட்டென்று மூடிக்கொண்டது. அவன் இறங்கி மூடியைச் சாத்தினான். ஒரு நூலிழை இடைவெளியின்றி மூடிற்று. ஞானதுரைக்குக் கண் கலங்கியது, வாடையால் மட்டுமல்ல.

தொட்டியைச் செலுத்திக்கொண்டு போய் வாசல் நடைபாதையில் வேலியோரம் நிறுத்தினான். நிறுத்திவிட்டுத் திரும்பினவனின் நெஞ்சில் ஓர் ஐயம் தலைதூக்கியது. அழகான தொட்டி, கனத்த பிளாஸ்டிக், சக்கரம் வேறு இருக்கிறது, இரவு முழுவதும் காவலின்றித் தெருவில் நிற்கப்போகிறது. எந்த ஊரிலாவது இது விடியும்வரை இருக்குமா? ஹெப்சியின் சைக்கிளுக்காக வாங்கி வைத்திருந்த இரும்புச் சங்கிலியை எடுத்து வந்தான், தொட்டியின் கைப்பிடியில் நுழைத்தான், வேலிப்பலகை ஒன்றைச் சுற்றி இழுத்தான், திண்டுக்கல்லிலிருந்து பெட்டியோடு வந்த பித்தளைப் பூட்டைப் போட்டு மூன்றுமுறை இழுத்துப் பார்த்தான்.

"எப்பா, என்னப்பா பண்ணுதிய?" என்று வாசற்படியில் வந்து நின்றாள் ஹெப்சி. "குப்பத்தொட்டிக்குப் போயி யாராச்சும் பூட்டு போடுவாங்களா? இங்க யாரும் அதக் களவாங்க மாட்டாங்கப்பா."

"ஏளா, ஒனக்கு என்ன தெரியும்? நம்மூர்ல தண்ணிக்கொடத்த வாசல்ல வச்சிட்டு உள்ள போயிச் செருப்பக் கழத்துறதுக்குள்ள கொடம் போயிரும்."

"இது நம்மூர் இல்லப்பா."

"களவாணிப்பய எல்லா ஊர்லயும் களவாணிப்பயதான். காலம்பற முத வேலையா தொறந்து விட்டுருதேன், நீ உள்ள போ."

உள்ளே போய், கொடியில் தொங்கிய கால்சட்டையின் பையில் சாவியைப் போட்டான். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்பவர்கள் மனதில் இருத்திக்கொள்க, ஞானதுரை இருத்திக்கொள்ளவில்லை.

செவ்வாய் புலர்ந்தது. கதிரவன் என்ற பெயரில் அந்த ஊரில் உலவும் ஏதோ ஒன்று மேகப் போர்வைக்குள்ளேயே புரண்டு படுத்தது. புல்லெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. ஏழு மணிக்குச் சன்னல் வழியே நோக்கினான் தலைவன்: தொட்டி இருந்தது, பூட்டு இருந்தது, மூடி மூடியிருந்தது. வெற்றி கண்முன் நிற்கக் கண்ட வேந்தன் வீட்டு அலுவல்களில் இறங்கினான். கிறிஸ்டில்டாவின் சீருடையையும் தன் கால்சட்டையையும் துவைக்கும் இயந்திரத்துள் திணித்துப் பொத்தானை அமுக்கினான், தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றினான், கர்த்தரைத் துதிக்கும் பாட்டொன்றைச் சீட்டியில் பாடினான். மூன்றாம் தோசையைத் திருப்பும்போது தெருமுனையில் இடியென ஓர் உறுமல் எழுந்தது.

வந்தது காண் குப்பைவண்டி! ஆறு சக்கரமும் ஆரஞ்சுவிளக்கும் உடையது, பின்புறத்தில் வாயுடையது, அவ்வாயில் இரும்புப் பல்லுடையது, போகுமிடமெல்லாம் பின்வாங்குகிறேன் பின்வாங்குகிறேன் என்று கீச்சிட்டுக்கொண்டே முன்னேறும் மாயமுடையது! அதன் இருமருங்கும் மஞ்சள் கவசம் பூண்ட வீரர் இருவர் நடந்தனர். அவருள் செந்தாடி நெஞ்சளாவிய டேரன் என்பான் இருபத்தைந்தாம் இலக்கத் தொட்டியின் கைப்பிடியைப் பற்றி இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். வேலி ஆடியது. குனிந்து பூட்டைப் பார்த்தான், நிமிர்ந்து வீட்டைப் பார்த்தான், கூட்டாளியைக் கூப்பிட்டுக் காட்டினான். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"எப்பா! ஒங்க தொட்டிய விட்டுட்டுப் போறாங்கப்பா!" என்று கத்தினாள் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டிருந்த ஹெப்சி.

சாவி! சட்டைப் பையில் இல்லை, மேசையில் இல்லை, வேதப்புத்தகத்தின் மேல் இல்லை. எங்கே இருக்கிறது என்பது நினைவுக்கு வந்த கணத்தில் ஞானதுரையின் உடல் கல்லாயிற்று. பாய்ந்துபோய் இயந்திரத்தின் முன் மண்டியிட்டான். வட்டக் கண்ணாடிக்கு அப்பால், நுரைக்கடலின் நடுவே, அவனுடைய கால்சட்டை ஒரு சுற்றுக்கு ஒருமுறை வந்து கையசைத்துவிட்டுப் போயிற்று. பையிலிருந்த சாவி கண்ணாடியில் டங்கென்று தட்டி, இதோ இருக்கிறேன் என்றது. கதவை இழுத்தான், திறக்கவில்லை. ஓடுகிற இயந்திரம் ஓடி முடிக்காமல் கதவு திறக்காது. நாற்பத்திரண்டு நிமிஷம் என்று காட்டியது.

ஊழே! நீ இப்படியும் சுற்றுவாயோ! ஐந்து நிமிஷம் தேடலில் போயிருந்தது. வண்டி இதற்குள் தெருவின் அடிவாரத்தை நெருங்கிவிட்டது. அவன் எழுந்தான். சாரத்தின்மேல் பழைய துணிக்கடையில் வாங்கிய பஞ்சுக் கோட்டை மாட்டினான். தலையில் குரங்குக் குல்லாவைக் கவிழ்த்தான். காலில் குளியலறைச் செருப்பைச் செருகினான்.

"எப்பா, சாரத்தோட போவாதீங்கப்பா! என் கூடப் படிக்குற பிள்ளையெல்லாம் இந்த வழியாத்தான் வருவாங்க!" என்ற மகளின் ஓலம் முதுகில் மோதிக் கீழே விழுந்தது. வாசலில் பாய்ந்தான். சங்கிலியைப் பற்றி இழுத்தான். பூட்டு திண்டுக்கல் பூட்டு, அசையுமா? ஆகவே, அறுக்கமுடியாத தளையைத் தளைத்த தறியோடு பெயர்க்கும் களிறுபோல, ஒரு காலை வேலியில் உதைகொடுத்து, ‘ஏசுவே’ என்று ஒரு முழக்கமிட்டு அவன் இழுக்க, துருவேறிய ஆணிகள் கீச்சென்று கழன்று, வேலிப்பலகை ஒன்று முழுசாகக் கையோடு வந்தது. பூட்டும் சங்கிலியும் பலகையுமாகத் தொட்டியைத் திருப்பினான். பள்ளம் நோக்கித் தள்ளினான்.

சேப்பல் ஹில் தெருவில் ஏறுவதற்குத்தான் முயற்சி வேண்டும், இறங்குவதற்கு எதுவும் வேண்டாம். முதற் பத்தடி அவன் தொட்டியைத் தள்ளினான். அடுத்த பத்தடி இருவரும் சேர்ந்து போனார்கள். அதன்பின் ஆறு வாரத்துக் கனமும் பனிவழுக்கலும் ஒன்றாகத் தொட்டி அவனை இழுத்துக்கொண்டு போயிற்று. சக்கரங்கள் கடகடவென முழங்கின. பின்னே சங்கிலி கட்டிய பலகை கல்லில் மோதித் தடதடவெனப் பறைகொட்டியது. சாரம் காற்றை வாங்கிக் கொடியென விரிந்தது. ஒரு செருப்பு பதினேழாம் இலக்க வீட்டு வாசலில் தங்கிவிட்டது. மூடி எழும்பப் பார்த்தது. விடுவானா? ஓடுகிற ஓட்டத்திலேயே தன் மார்பை மூடியின்மேல் கவிழ்த்து, கைகளால் தொட்டியைக் கட்டித் தழுவி, திருமணத்தன்றுகூடக் காட்டாத நெருக்கத்தோடு அவன் ஓடினான். கதவைத் திறந்துகொண்டு இரவுடையில் வெளியே வந்த மாரீன் கிழவி, ஒன்றரை மாதமாகத் திரைக்குப் பின்னால் மட்டும் இருந்தவள், தேநீர்க் கோப்பையை உயர்த்திப் பிடித்துத் தெரு அதிரக் கூவினாள்: "விடாத ராசா! விடாத! முக்குத் திரும்புறதுக்குள்ள புடி அந்தப் பயலுவள!"

ஆனால் வண்டி முக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. வீரர் இருவரும் உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பெருவீதியை அடைந்தால் அடுத்த பேட்டைக்கு அது ஒரே பாய்ச்சலாகப் பாயும். எண்ணூறு மீட்டர் வீரன் எட்டாயிரம் மீட்டர் ஓடினாலும் பிடிக்க முடியாது. ஞானதுரைக்கு மூச்சு நெஞ்சில் கத்திபோல் ஏறியது. நாற்பத்தாறு வயது அவனுக்கு. கண்முன் சான்றிதழ் வரவில்லை, பள்ளித் திடல் வரவில்லை; இனித் திங்கள்தோறும் அந்தத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போகப்போகிறவளின் களைத்த முதுகுதான் வந்தது. அழுகை வந்துவிடும்போலிருந்தது. ஆனாலும் கால்களை நிறுத்தவில்லை.

இவ்விடத்து, நம் தலைவன் அறியாத செய்தி ஒன்றைச் சொல்வது கதை சொல்பவரின் கடமையாகும். அதே வேளையில் பெருவீதி வழியே ஆஸ்பத்திரி பஸ் வந்துகொண்டிருந்தது. இரவெல்லாம் நின்ற கால்களை நீட்டிக்கொண்டு கிறிஸ்டில்டா சன்னலோரம் அமர்ந்திருந்தாள். பக்கத்தில் அதே வார்டில் வேலை பார்க்கும் ஜிம்பாப்வேக்காரி தெண்டாய். பஸ் சேப்பல் ஹில் முனையைக் கடந்தபோது தெண்டாய் அவள் தோளை உலுக்கினாள்.

"அடியே, அங்க பாரேன்! பாவாடை கட்டிக்கிட்டு ஒரு ஆளு குப்பைத்தொட்டியக் கட்டிப் புடிச்சிக்கிட்டு ஓடி வாறான்! யாரு பெத்த புள்ளையோ!"

பஸ்ஸில் இருந்த பதினோரு பேரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். சிரிப்பு எழுந்தது. கிறிஸ்டில்டா பார்த்தாள். குப்பைவண்டியைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், ஒற்றைச் செருப்பைப் பார்த்தாள். தெரியாது என்று தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ள அவளுக்கு ஒரு நொடி இருந்தது. அந்த நொடியை அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

"அது எங்க வீட்டுக்காரரு" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

நிறுத்தம் முப்பதடி தள்ளி. வீதியின் ஒருபுறம் நெடுகக் கார்கள் நின்றன, எதிர்ப்புறம் வண்டிகள் வந்துகொண்டிருந்தன. பஸ் நின்றால் பின்னால் வருவது எதுவானாலும் நின்றாக வேண்டும். குப்பைவண்டி முக்குத் திரும்பி அதன் பின்னால் வந்து சேர்ந்தது. இறங்கும் எவரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டே இறங்குவது அந்நாட்டு ஒழுக்கம். அதற்கு ஒரு நொடி பிடிக்கும். கிறிஸ்டில்டா படியருகே நின்றாள். நன்றி என்றாள். ரொம்ப நன்றி என்றாள். இன்றைக்குக் குளிர் அதிகம் என்றாள். பிறகு குனிந்து, அந்தப் பருத்த ஓட்டுநரின் காலை உற்றுப் பார்த்து, "கணுக்கால் வீங்கியிருக்கே, எத்தன நாளா இருக்கு?" என்று கேட்டாள்.

கீத் என்னும் அந்த ஓட்டுநர் பதினெட்டு வருஷமாகப் பஸ் ஓட்டுகிறார். லட்சம் பேர் அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். காலைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. அவர் எஞ்சினை அணைத்தார். வீக்கம் தொடங்கிய நாள், டாக்டர் சொன்னது, டாக்டர் சொன்னதை இவர் கேட்காதது, மச்சினிச்சி கொடுத்த களிம்பு என்று ஆதியோடந்தமாக ஆரம்பித்தார். பின்னால் குப்பைவண்டி ஒருமுறை ஒலி எழுப்பியது, இருமுறை எழுப்பியது. கிறிஸ்டில்டா ஓட்டுநரின் காலுறையைக் கீழே இழுத்துவிட்டு, விரலால் அழுத்திப் பார்த்து, இன்னும் மூன்று கேள்வி கேட்டாள்.

அந்த மூன்று கேள்விகளின் நேரத்தில், பெருவீதியின் முனையில் பேரோசை எழுந்தது. வந்தான்! ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் குளிரோடும், புழுதிக்குப் பதில் பனியைக் கிளப்பிக்கொண்டு, சங்கிலி குலுங்கப் பலகை முழங்க வந்தான் ஞானதுரை! முக்கில் தொட்டி நேரே போவேன் என்றது, அவன் இடப்புறம் என்றான், தொட்டி ஒற்றைச் சக்கரத்தில் எழுந்தது, மாவட்டத்தின் மூன்றாமிடத்துக் கால்கள் இரண்டும் தரையில் ஊன்றிக் கிறீச்சிட, திரும்பியது தொட்டி, நேரானது, பாய்ந்தது, நின்றிருந்த வண்டியின் பின்வாயில் போய் டமாரென்று முட்டி நின்றது. டேரன் கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்தான். தொட்டியைப் பார்த்தான். தொட்டியின்மேல் ஈரத்துணிபோல் கிடந்த மனிதனைப் பார்த்தான். மூடியைப் பார்த்தான். அவன் மூடியைப் பார்த்த அந்தப் பொழுதில் காற்று நின்றது, காகம் நின்றது, ஞானதுரையின் நெஞ்சும் நின்றது.

மூடி மூடியிருந்தது.

"சரி தலைவா, கொஞ்சம் எந்திரிச்சிக்க" என்றான் டேரன். "இந்தப் பலகையையும் போட்டுறவா?"

"வேண்டாம், வேண்டாம்... அது வீட்டு ஓனரோடது" என்று மூச்சு வாங்க விட்டுவிட்டுச் சொன்னான் ஞானதுரை.

இரும்புக் கைகள் தொட்டியைத் தூக்கின, தலைகீழாய்க் கவிழ்த்தன, இருமுறை உலுக்கின. ஆறு வாரத்துத் துயரமும், ஆறு வாரத்து மத்தியும், மஞ்சள் சீட்டும், மௌனமாய் உண்ட இரவுச் சோறுகளும் ஒன்றாகச் சரிந்து அந்தப் பெருவாய்க்குள் விழுந்து அரைபட்டன. அவ்வாடையில் டேரன் இரண்டடி பின்வாங்கி, உள்ளே என்ன வைத்திருந்தாய், யாரையாவது கொன்றுவிட்டாயா என்று கேட்டான். முன்னால் பஸ் புறப்பட்டது; அதன் பின்சன்னலில் தெண்டாயும் மற்றவர்களும் நெருக்கி நின்று கைதட்டிக்கொண்டு போனார்கள். எதற்குத் தட்டுகிறார்கள் என்பது நம் தலைவனுக்கு ஐயமறத் தெரிந்திருந்தது: தன் ஓட்டத்துக்கு.

நடைபாதையில் கிறிஸ்டில்டா நின்றிருந்தாள்.

"பாத்தியா?" என்றான், தொட்டியைப் பிடித்துக்கொண்டு. "பாத்தியா இல்லையா? லாரியவே நிறுத்திட்டேன்லா! என் ஓட்டத்தப் பாத்துட்டு அவன் அப்பிடியே பயந்து நின்னுட்டான்!"

"பாத்தேன், பாத்தேன். பஸ்ஸே பாத்துச்சு" என்றாள் அவள். ஓட்டுநரின் கணுக்காலைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. கையுறையைக் கழற்றி, அவன் மீசையில் ஒட்டியிருந்த முட்டைத்தோட்டைத் துடைத்துவிட்டாள். தொட்டியின் கைப்பிடியில் ஒரு பக்கம் அவளும் கைவைத்தாள். இருவருமாக மேட்டில் ஏறத் தொடங்கினார்கள். அடுத்து வருவது எது என்னும் அட்டவணையைக் குளிர்பெட்டியில் ஒட்டியவளே அவள்தான். எல்லா நிறமும் எல்லாத் தேதியும் அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் நடக்க நடக்க, ஒன்றும் தெரியாதவள்போல, அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"ஆமா, அடுத்த வாரம் எதங்க வைக்கணும்?"

அச்சொல் கேட்டான்! இழந்த அரியணை எழுந்து வந்து எதிரே நிற்கக் கண்ட வேந்தனென, வெண்கொற்றக்குடை விரியக் கண்டவனென, வேலிப்பலகையை வேலெனத் தோளில் சார்த்தி, ஒற்றைச் செருப்புத் தாளைச் சேப்பல் ஹில்லின் உறைபனியில் ஊன்றி, குரங்குக் குல்லாவை மணிமுடியென நிமிர்த்தி, திரைகள் விலகிய சன்னல்கள் அனைத்தும் சாட்சியாக, திங்களும் ஞாயிறும் செவிசாய்க்க, ஈராண்டும் இனித் தனக்கே உரிய அந்தப் பெருநிலத்தை ஒரு பார்வையால் அளந்து, நெஞ்சு நிமிர்ந்து, தொண்டை செருமி, ஞானதுரை திருவாய் மலர்ந்தான்.

அடுத்த வாரம் நீலத்தொட்டி என்று சொன்னான்.